வாயில்லா ஜீவனின் பங்கு

மதுரைக்கும் வந்து சென்ற பயணி இப்னு பதூதா (ரஹ்), 1352இல் சஹாரா பாலைவனத்தைக் கடக்கப் புறப்பட்டார். சிஜில்மாசாவில் ஒட்டகங்களை வாங்கியவர், கூடவே நான்கு மாதத் தீவனமும் வாங்கினார். 25 நாள் பயணித்துச் சேர்ந்த தகாஸாவில் மரமே இல்லை. வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டிருந்தன.

செழிப்பான வழியில் ஒட்டகத்தை மேயவிட வேண்டும், வறண்ட வழியில் விரைந்து கடக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை (முஸ்லிம்). அந்த மேய்ச்சலை ஒட்டகத்தின் ‘பங்கு’ என்றார்கள். அப்படியானால் அது நாம் போடும் தர்மமல்ல.

வில்லியனூர், பாகூர் பக்கம் வண்டிமாடு வைத்திருப்போரே! வாடகை பேசும்போதே வைக்கோலுக்கும் தண்ணீருக்கும் கணக்கு வையுங்கள். தீனி கொடுப்பது உரிமையாளர் மீது கடமை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் அதனாலேயே நரகம் சென்றதை மறவாதீர்கள்.

அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக! ஆமீன்.