நாணயம்: இளையோர் சிறுகச் சிறுகச் சேர்க்கும் சொத்து

நம் மொழியில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையிலிருக்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம். எம் முன்னோர் கடனுதவிச் சங்கங்களை 'ஐக்கிய நாணய சங்கம்' என்று அழைத்தபோது இவ்விரண்டு பொருளும் அதில் அடங்கியிருந்தன. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் இலங்கையில் 1911ஆம் ஆண்டில் வந்தது. அச்சங்கங்களில் கடன் கேட்பவரின் சொத்தைப் போலவே அயலவர் அவரைப்பற்றிச் சொல்லும் வார்த்தையும் பெரிதாக மதிக்கப்பட்டது.

சொந்த ஊரில் இருந்த காலத்தில் ஒரு விவசாயியின் நாணயத்தை எழுதிவைக்கும் தேவை இருக்கவில்லை. விதைநெல் கொடுத்தவருக்கும், உரத்தைக் கடனாகத் தந்த கடைக்காரருக்கும், சங்க முகாமையாளருக்கும் அது தெரியும். "இன்னாற்றை மகன்தானே, குடுத்துவிடு" என்ற ஒரு சொல்லே பிணையாக இருந்தது.

1990, 1995, 2009 ஆகிய ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் வீடும் மாடும் உழவு இயந்திரமும் போயின என்று கணக்குச் சொல்கிறோம். எங்களை அறிந்தவர்களும் போய்விட்டார்கள் என்பதை எந்த இழப்பீட்டுப் படிவத்திலும் நாங்கள் எழுதவில்லை. கடைக்காரர் எங்கேயோ இருக்கிறார். சங்கத்தின் பேரேடு அழிந்துவிட்டது. இன்று இருபது வயதான பிள்ளை வங்கியில் போய் நிற்கும்போது, அப்பிள்ளை யாருடைய பிள்ளை என்பது மேசைக்கு அப்பால் இருப்பவருக்குத் தெரியாது. தகப்பனின் நாணயம் மகனுக்கு உதவாமற் போன காலம் இது. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் தன் நாணயத்தைப் புதிதாகக் கட்டவேண்டியிருக்கிறது. அதை எப்படிக் கட்டுவது என்பதே இப்பாடம்.

கொழும்பில் உள்ள பேரேடு

1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் அமைக்கப்பட்டது. மக்கள் அதைக் 'கிரிப்' என்கிறார்கள். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன்களின் விபரத்தை அங்கு அனுப்புகின்றன. யார் எவ்வளவு வாங்கினார், ஒழுங்காகக் கட்டுகிறாரா, எத்தனை நாள் தவறினார், யாருக்குப் பிணை நின்றார் என்பவை அடையாள அட்டை இலக்கத்தின் கீழ் பதியப்படுகின்றன. வங்கியில் பணமில்லாமல் திரும்பிய காசோலையும் பதியப்படலாம். புதிதாகக் கடன் கேட்டால், வங்கி முதலில் இந்தப் பேரேட்டைத்தான் பார்க்கும்.

இதுபற்றி எம்மவரிடையே சில தவறான எண்ணங்கள் உண்டு. "கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது" என்று அஞ்சுகிறார்கள். அது குற்றவாளிகளின் பட்டியல் அன்று. ஒழுங்காகக் கட்டியவரின் பெயரும் அங்கு இருக்கிறது. அது அவருக்கு நற்சாட்சி. கடன் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பது பணியகம் அல்ல, வங்கியே. இன்னொரு எண்ணம், கடனே வாங்காதவருக்கு நல்ல பெயர் என்பது. கடனில்லாமல் வாழ்வது நல்லதுதான். ஆனால் அவருடைய பக்கம் பேரேட்டில் வெறுமையாக இருக்கும். வெறும் பக்கத்தைப் பார்த்து வங்கி நல்லதும் சொல்லாது, கெட்டதும் சொல்லாது. பிணையும் ஈடும் கேட்கும். ஈடு வைக்க உறுதிக்காணி இல்லாத எங்களுக்கு அங்கேதான் கதவு அடைபடுகிறது.

முதற் படிகள்

ஒன்று: சேமிப்புக் கணக்கு. சேமிப்பு கிரிப்பில் பதியப்படுவதில்லை. என்றாலும் கணக்குள்ள வங்கி அதைப் பார்க்கும். ஒரே தடவையில் 20,000 ரூபா போட்டு மறு வாரம் எடுப்பவரைவிட, மாதந்தோறும் 500 ரூபா போடுபவரை முகாமையாளர் நம்புவார். தோட்டக் கூலியோ மிளகாய் விற்ற காசோ, ஒரு பங்கை வங்கியூடாக வரச் செய்யுங்கள்.

இரண்டு: ஊரிலுள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம். அங்கு அங்கத்தவராகி, ஒழுங்காகச் சேமித்து, கூட்டங்களுக்குச் சென்று, பின்னர் சிறு கடன் பெறலாம். இழந்துபோன அயலவரின் வார்த்தை மீண்டும் பிறக்கும் இடம் அதுவே. கடைக் கொப்பியும் சீட்டும் கொழும்புப் பேரேட்டுக்குப் போவதில்லை. ஆயினும் அவற்றில் நாணயம் தவறியவரைச் சங்கம் அறிந்தே இருக்கும்.

மூன்று: வருமானம் தரும் பொருளுக்குச் சிறு கடன். நீரிறைக்கும் இயந்திரம், தெளிகருவி, தையல் இயந்திரம், இரண்டு ஆடு போன்றவற்றுக்கு வாங்குங்கள். கைத்தொலைபேசிக்கும் சாமத்தியச் சடங்குக்கும் வாங்கும் கடன், திருப்பிக் கட்டும் காசைத் தானாக உழைத்துத் தராது. தவணைத் திகதியையும் முன்கூட்டியே பேசுங்கள். காலபோக நெல்லை நம்பியிருப்பவர் மார்கழியில் தவணைக்கு ஒப்புக்கொண்டால் அறுவடைக்கு முன்னரே தவறிவிடுவார்.

நான்கு: தாள்கள். கடன் ஒப்பந்தத்தின் பிரதி, கட்டிய ஒவ்வொரு பற்றுச்சீட்டு, கடன் முடிந்ததும் பெறும் கடிதம் ஆகியவற்றை ஒரு பையில் இட்டு, நனையாமல் வையுங்கள். ஓடவேண்டி வந்தால் எடுக்கும் பையில் அதுவும் இருக்கட்டும்.

பிணைக் கையெழுத்து

இளையோர் பலர் தங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்வது தாங்கள் வாங்கிய கடனால் அல்ல, பிறருக்கு இட்ட கையெழுத்தினால். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

உயர்தரம் முடித்து அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பையன். சித்தப்பா முச்சக்கரவண்டி ஒன்றை லீசிங்கில் எடுக்கிறார். "தம்பி, ஒரு கையெழுத்துத்தானே, நீ காசு கட்டத் தேவையில்லை" என்கிறார். முகாமில் இருந்த காலத்தில் சோறு போட்ட சித்தப்பா. எப்படி மறுப்பது? பையன் ஒப்பமிடுகிறான். இரண்டாம் வருடம் சித்தப்பா நோயுற்றுத் தவணைகள் தவறுகின்றன. கம்பனி பையனைத் தேடி வருகிறது. மூன்று வருடம் கழித்து அவன் தன் தோட்டத்துக்கு நீரிறைக்கும் இயந்திரம் வாங்கக் கடன் கேட்கும்போது, வங்கி தலையசைக்கிறது. தன் வாழ்வில் ஒரு சதமும் கடன் வாங்காத அவனுடைய பக்கம் ஏற்கெனவே கறைபட்டுவிட்டது.

பிணை நிற்பவர் சாட்சி சொல்பவர் அல்லர். கடன் பெற்றவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்று வாக்குக் கொடுப்பவர். ஆகவே ஒப்பமிடுமுன் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "முழுத் தொகையையும் நானே கட்டவேண்டி வந்தால் என்னால் முடியுமா?" முடியாது என்றால், "சித்தப்பா, காசாக என்னால் இயன்ற உதவி செய்கிறேன், கையெழுத்து மட்டும் வேண்டாம்" என்று பணிவாகச் சொல்லுங்கள். அன்றைய மனக்கசப்பு சில மாதங்களில் ஆறும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரில் கடன் கிடைக்காதபோது மகளின் அடையாள அட்டையைக் கொண்டு கடன் எடுக்காதீர்கள். அவளுக்குச் சீதனமாகக் கொடுக்க உங்களிடம் காணி இல்லாமல் இருக்கலாம். கறைபடாத பெயரையாவது கொடுங்கள்.

வீடு தேடி வரும் கடன்

போருக்குப் பின் நுண்கடன் கம்பனிகள் வடக்குக் கிழக்கு ஊர்களுக்கு வந்த விதம் உங்களுக்குத் தெரியும். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கிய பெண்கள் பலர். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றுத் தவணை தவறிய, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

வட்டியைக் கணக்கிடப் பழகுங்கள். 60,000 ரூபா கடனுக்கு 'ஆண்டுக்கு 24 வீதம்' என்கிறார்கள். வட்டி 14,400; மொத்தம் 74,400; மாதம் 6,200 வீதம் 12 மாதம். ஆனால் நீங்கள் மாதந்தோறும் முதலையும் திருப்பிக் கொடுக்கிறீர்கள். ஆறு மாதம் முடிய முதலில் பாதி உங்கள் கையில் இல்லை. வட்டியோ முழு 60,000க்கும் அறவிடப்படுகிறது. மீதி முதலின் மேல் கணக்கிட்டால் வட்டி 40 வீதத்துக்கும் மேல். ஆகவே "வட்டி முழு முதலுக்கா, மீதி முதலுக்கா?" என்று கேளாமல் ஒப்பமிடாதீர்கள்.

தவறிவிட்டால்

மழை பொய்க்கும், யானை வரும், நோய் வரும். தவணை தவறும் என்று தெரிந்தவுடன், திகதிக்கு முன்னரே முகாமையாளரிடம் போங்கள். ஒளிந்திருப்பவரைவிட முன்வந்து பேசுபவருக்கே தவணையை மாற்றியமைக்கும் வாய்ப்பு அதிகம். உடன்பட்டதை எழுத்தில் பெறுங்கள். தன்னைப்பற்றிய அறிக்கையை எவரும் பணியகத்திடம் கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறலாம். அதில் கட்டி முடித்த கடன் நிலுவையாகக் காட்டப்பட்டிருந்தால், பற்றுச்சீட்டுகளுடன் கடன் தந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டுத் திருத்தக் கேளுங்கள். அப்போதுதான் அந்தப் பையின் அருமை தெரியும்.

நாணயம் ஒரு போகத்தில் விளையும் பயிர் அன்று. அது பனை வளர்ப்பது போன்றது. வைத்தவர் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒருமுறை வேரூன்றினால், மறுபடி ஊர்விட்டு ஊர் போக நேர்ந்தாலும் அது உங்களுடன் வரும்.

குழுவாகக் கலந்துரையாட

1. முன்பு எமது ஊரில் ஒருவருடைய நாணயத்தை எப்படி அறிந்தார்கள்? அதில் எதை இங்கு மீண்டும் தொடங்கலாம்?

2. எமது குடும்பத்தில் யார் யார், யாருக்குப் பிணை நின்றிருக்கிறோம்? பட்டியல் எழுதுங்கள்.

3. இப்போது கட்டிவரும் கடன் ஒன்றை எடுத்து, உண்மை வட்டியைச் சேர்ந்து கணக்கிடுங்கள்.

4. இவ்வூரில் கடனுதவுச் சங்கம் இல்லையெனில், அதைத் தொடங்க முதலில் யாரைச் சந்திக்க வேண்டும்?