தேத்தண்ணி கேட்க ஒரு சின்னச் சொல்



ஒரு கலியாண விசயமாக மன்னார்த் தீவில் உள்ள ஓலைத்தொடுவாய்க்குப் போயிருந்தேன். நம்ம லயத்தில் பிறந்த ஒரு பிள்ளை அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். புருசன் பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. குடும்பத்தைக் கூப்பிட பேப்பர் போட்டிருக்கிறார். பிள்ளை திண்ணையில் கொப்பியை விரித்து வைத்து பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, சொல்லெல்லாம் பாடமாயிடுச்சு. நடுவுல வர்ற இந்த டியூ, டு லாதான் வெளங்கல்ல" என்றாள்.

அன்றைக்கு ரெண்டு பேருமாக இருந்து படித்ததையும், பிறகு பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்ததையும் எழுதுகிறேன். நான் ஒன்றும் பண்டிதன் இல்லை. ஒரு குறிப்பு: இங்கே 'ட' என்று எழுதியிருப்பதை 'பந்து' என்பதில் வரும் 'து' மாதிரி மெதுவாகச் சொல்லவும். 'த' என்றால் 'தம்பி'யில் வருவது போல.

தமிழில் "தேத்தண்ணி குடிக்கிறேன்" என்றால் முடிந்தது. பிரெஞ்சுக்காரருக்கு அது போதாது. உலகத்துத் தேத்தண்ணி முழுவதையுமா குடிக்கிறாய், அதில் கொஞ்சத்தையா? 'கொஞ்சம்' என்பதைக் காட்ட ஒரு சின்னச் சொல் கட்டாயம் முன்னால் வரவேண்டும். "ஜு ப்வா டியூ தே" என்றால் நான் தேத்தண்ணி குடிக்கிறேன். ஆனால் எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்லும்போது "ஜெம் லு தே". அங்கே டியூ வராது.

பிரெஞ்சில் சாமானுக்கும் ஆண், பெண் உண்டு. ஆண் சொல்லுக்கு டியூ: டியூ ரி (சோறு, அரிசி), டியூ லே (பால்), டியூ ப்வாஸோன் (மீன்), டியூ பேங் (பாண்). நம்ம 'பாண்' போர்த்துக்கேயர் தந்த சொல். பேங் அதற்குச் சகோதரம்தான். பெண் சொல்லுக்கு டு லா: டு லா வியாந்த் (இறைச்சி). சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ஆணோ பெண்ணோ டு ல் என்று ஒட்டிவிடும்: டு லோ (தண்ணி). பலதானால் டே: டே லெக்யூம் (மரக்கறி). எது ஆண், எது பெண் என்று யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. கொப்பியில் எழுதும்போதே 'ரி' என்று எழுதாமல் 'டியூ ரி' என்று சேர்த்து எழுதிப் பாடமாக்குவதுதான் வழி.

அளவு சொன்னால் எல்லாம் சுருங்கி வெறும் 'டு' ஆகிவிடும்: ஆன் கிலோ டு ரி. இல்லை, வேண்டாம் என்றாலும் அப்படியே: பா டு லே, பால் வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் முதலில் பாடமாக்க வேண்டியது "பா டு ஸ்யுக்ர்", சீனி வேண்டாம்.

அடுத்தது ஒட்டிக்கொள்ளும் சொற்கள். தோட்டம், க்கு ரெண்டையும் சேர்த்து "தோட்டம்க்கு" என்று யாராவது சொல்வோமா? தோட்டத்துக்கு என்றுதானே வருகிறது. நமக்குச் சொல்லின் வாலில் நடப்பது அவர்களுக்குச் சொல்லின் முன்னால் நடக்கிறது. 'ஆ' என்றால் -க்கு, -இல். 'டு' என்றால் -இன், -இலிருந்து. ஆண் சொல்லின் முன் நிற்கும் 'லு'வோடு சேரும்போது ஆ லு என்பது ஓ ஆகும், டு லு என்பது டியூ ஆகும். பன்மையில் ஆ லே என்பதும் ஓ, டு லே என்பது டே. (ரெண்டு ஓவுக்கும் எழுத்துத்தான் வேறு.) பெண் சொல்லில் மாற்றமே இல்லை, ஆ லா, டு லாதான்.

சந்தைக்குப் போகிறேன்: ஜு வே ஓ மார்ஷே. நகரசபைக்கு: ஆ லா மேரி. ஆஸ்பத்திரிக்கு: ஆ லொப்பித்தால். தேயிலையின் விலை: லு ப்ரி டியூ தே. இந்த டியூ 'கொஞ்சம்' இல்லை, '-இன்'. உருவம் ஒன்று, வேலை ரெண்டு.

"இதுல ஒன்ன நீ ஏற்கெனவே சொல்லிக்கிட்டுத்தான் இருக்கே" என்றேன். பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சாப்பல் பக்கத்தில் இருக்கும் ரயில் நிலையம் கார் டியூ நோர். வடக்கின் நிலையம் என்று அர்த்தம். பிள்ளை சிரித்துவிட்டாள். ஃபோனில் புருசன் தினமும் சொல்கிற பெயர்.

அவளுக்குச் சந்தையை விட ஆஸ்பத்திரிதான் கவலை. மகனுக்கு அடிக்கடி காது குத்து. "அவரு வேல முடிஞ்சி வர நடுச்சாமம் ஆயிரும். புள்ளயத் தூக்கிக்கிட்டு நாந்தானே ஐயா போகணும்." நோவைச் சொல்லவும் இந்த 'ஆ'தான் வேண்டும். ஜே மால் என்றால் எனக்கு நோகிறது. தலை: ஜே மால் ஆ லா தெத். வயிறு: ஓ வாந்த்ர். பல்: ஓ டான். மகனுக்குக் காது நோகிறது: இல் ஆ மால் ஆ லொரேய். இந்த ஒரு வசனத்தை அன்றைக்கு அவள் இருபது தரமாவது சொல்லிப் பார்த்திருப்பாள்.

பரீட்சையும் இருக்கிறது. பிரான்ஸின் 2024 ஜனவரி 26 சட்டப்படி, 2026 ஜனவரி 1 முதல், சிலருக்கு விலக்கு நீங்கலாக, பல வருட வதிவிட அட்டை முதல்தரம் எடுக்க ஏ2 மட்டப் பிரெஞ்சு வேண்டும். பத்து வருட அட்டைக்கு பி1, பிரஜாவுரிமைக்கு பி2. இன்றைய பாடம் ஏ2வுக்குள் அடங்குவது.

கீழே உள்ளதை விடை பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். எனக்குப் பாண் வேண்டும் (வேண்டும்: ஜு வூட்ரே). பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் (பள்ளிக்கூடம்: எக்கோல்). தண்ணி குடிக்கிறேன்.

விடை: ஜு வூட்ரே டியூ பேங். ஜு வே ஆ லெக்கோல். ஜு ப்வா டு லோ.