காவலாளிகள் பெருகவில்லை

அன்புள்ள பேத்திக்கு,

என் மாணவியிடம் நீ ஆய்வு செய்கிறாய். அந்தக் கணக்கில் நீ எனக்குப் பேத்தி முறைதான். உன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை அவள் அனுப்பிவைத்தாள். சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டவர்களின் குடல் பாக்டீரியாக்களை, 16எஸ் மரபணுவை சீக்வென்சரில் வாசிக்கும் முறையில் அளந்திருக்கிறாய். இரண்டு முறை படித்தேன், இரண்டாம் முறை சிவப்புப் பேனாவோடு.

“ஐந்தாம் நாளில் பாக்டீராய்டிஸ் இரண்டு மடங்காகப் பெருகியது” என்று எழுதியிருக்கிறாய். அந்தப் ‘பெருகியது’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் காப்பி இறங்கவில்லை.

பொங்கலுக்குச் சென்னையில் ஒரு அடுக்குமாடி என்று வைத்துக்கொள். நூறு பேர், அதில் காவலாளிகள் இரண்டு பேர். தொண்ணூறு பேர் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். மிச்சமிருக்கும் பத்துப் பேரிலும் அதே இரண்டு காவலாளிகள். 2 சதவீதம் 20 சதவீதமாகிவிட்டது. காவலாளிகள் பத்து மடங்கு பெருகிவிட்டார்கள் என்று சங்கச் செயலாளரிடம் போய்ச் சொல்வாயா? சிப்ரோவுக்கு பாக்டீராய்டிஸ் அவ்வளவாக அடங்காது. அக்கம்பக்கத்தார் செத்தார்கள், இவன் இருந்த இடத்திலேயே இருந்தான். ஒருவேளை இவனும் கொஞ்சம் குறைந்திருக்கலாம். உன் வண்ணப் பட்டை வரைபடத்திலிருந்து அது எனக்குத் தெரியப்போவதில்லை. எல்லாப் பட்டையும் நூறு சதவீத உயரத்துக்கு நிற்கிறதே!

சீக்வென்சர் தலை எண்ணாது, அம்மா. நிறைந்த குடலானாலும் காலியான குடலானாலும் தன் கொள்ளளவுக்குத்தான் வாசித்துத் தரும். பத்தாதற்கு, செத்ததன் டிஎன்ஏவையும் சேர்த்து வாசிக்கும். பெல்ஜியத்தில் லூவன் நகரத்து ஜெரூன் ரேஸ் குழுவினர் 2017-இல் ஃப்ளோ சைட்டோமீட்டரில் செல்களை எண்ணியே பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்குள்ளேயே பாக்டீரியாச் சுமை பத்து மடங்கு வரை வித்தியாசப்பட்டது. மருந்து சாப்பிடாத ஆட்களிடமே இந்த நிலை என்றால், சாப்பிட்டவர்களிடம் எண்ணாமல் எப்படிப் பேசுவது?

எண்ணுவது என்றதும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும், பொறுத்துக்கொள். நான் மாணவனாக இருந்தபோது 16எஸ்ஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மலத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, தட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, மறுநாள் தட்டைக் கவிழ்த்து அடியில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணுவோம். ஆம்பிசிலின் சாப்பிட்ட ஒருவரின் மாதிரியில் எண்ணிக்கை ஐந்தில் ஒன்றாக விழுந்திருந்தது. துள்ளிக்கொண்டு போய் என் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் தாளைக்கூடப் பார்க்கவில்லை. “அந்த ஆளுக்கு வயிற்றால் போகிறதா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்படியானால் நீ எண்ணியது பாக்டீரியாவையா, தண்ணீரையா?”

அன்று ராத்திரி அதே மாதிரிகளில் கொஞ்சம் எடுத்து அடுப்பில் உலரவைத்து, காலையில் எடை போட்டேன். உலர்ந்த எடைக்குக் கணக்குப் போட்டதும் என் வீழ்ச்சியில் பெரும்பகுதி காணாமல் போனது. பள்ளியில் படித்த பின்னம்தான். தொகுதியையே பார்த்துக்கொண்டிருந்தேன், கீழே இருக்கிற பகுதி மாறிப்போனதைப் பார்க்கவில்லை. ஆக, எண்ணினாலும் போதாது. எதற்கு எத்தனை என்றும் கேட்க வேண்டும். காற்றுப் பட்டால் செத்துப்போகும் குடல்வாசிகள் பலர் தட்டில் முளைக்க மாட்டார்கள், தெரியும். ஆனால் முளைத்த ஒவ்வொன்றும் உயிரோடு இருந்தது. அதனால்தான் இன்னும் தட்டை விடமாட்டேன் என்கிறேன். உன் ஆசிரியை இதற்குச் சிரிப்பாள், சிரிக்கட்டும்.

இன்னொரு சொல், ‘மீண்டுவிட்டது’. எத்தனை வகை, எவ்வளவு சமமாக என்று சொல்லும் ஷானன் எண் பழைய இடத்துக்கு வந்ததை வைத்துச் சொல்கிறாய். ஷானன் எண்ணுக்கு முகம் தெரியாது. பழைய குடித்தனக்காரர் போய்ப் புதியவர் வந்தாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான். ரெல்மன் குழுவின் 2008 கட்டுரையை நீயே மேற்கோள் காட்டியிருக்கிறாய். அதிலும் இதே சிப்ரோதான், மூன்றே பேர். நான்கு வாரத்தில் பெரும்பாலும் பழைய நிலை. ஆனால் சில இனங்கள் ஆறு மாதமாகியும் திரும்பவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஏன் விட்டாய்?

திட்டிக்கொண்டே பின்னிணைப்புக்கு வந்தேன். “மாதிரி 17: பேருந்து தாமதம், ஐஸ் உருகிவிட்டது, சேர்க்கவில்லை.” பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உருகியதை யாருக்கும் தெரியாமல் சேர்த்துக்கொண்டவர்களை என் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிக்கே உனக்குப் பட்டம் கொடுத்துவிடலாம்.

மிச்ச மாதிரிக் குப்பிகள் மைனஸ் எண்பது டிகிரியில் பத்திரமாக இருப்பதாக உன் ஆசிரியை சொன்னாள். ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிகிராம் எடுத்தாய் என்று குறித்திருப்பாய்; உன்னைப் போன்றவள் குறிக்காமல் இருக்க மாட்டாள். மொத்தத்தை அளக்க கியூ-பிசிஆர் போதும். ஒரு பகுதியை உலர்த்தி எடையும் போட்டுவிடு. பாக்டீராய்டிஸ் நிஜமாகவே பெருகியிருந்தால் ‘பெருகியது’ என்றே போடு. என் சிவப்புக் கோட்டை நானே அடித்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியையின் ஆசிரியர்