அலாய் சக்கரத்துக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே பெயின்ட்: காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அலாய் சக்கரத்தில் பெயின்ட் முதலில் உரிவது விளிம்பிலும் நட்டு உட்காரும் குழிகளின் ஓரத்திலும்தான். கல் தெறித்து மேல்பூச்சில் சின்ன ஓட்டை விழும். அதன் வழியே மழைநீர் இறங்கும். சில மாதங்களில் பூச்சுக்கு அடியில் வெள்ளை நூல் போல அரிப்பு ஊர்ந்து பரவும். மேலேயே ஒரு கேன் சில்வரை அடித்துவிடலாம் என்று தோன்றும். அடித்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் பொருக்குப் பொருக்காகக் கையோடு வரும். இந்த வேலையில் முக்கால் பங்கு கேன் மூடியைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

உங்கள் சக்கரம் எந்த வகை?

ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரிகள் உருவாகும் மாவட்டம் நம்முடையது. ஆனாலும் நம் சாலைகளில் ஓடும் லாரிகளிலும் குட்டியானைகளிலும் பெரும்பாலும் இருப்பது இரும்பு டிஸ்க்தான். அலுமினிய அலாய் அதிகம் வருவது இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வண்டிகளில். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. லாக் ரிங் போட்ட லாரி ரிம்மில் வீட்டில் கை வைக்கவே கூடாது. காற்றழுத்தத்தோடு அந்த வளையம் தெறித்தால் உயிரே போகும்.

ரிம்மில் விரிசலோ வளைவோ இருந்தால் அத்தோடு நிறுத்திக்கொண்டு அலாய் சரிபார்ப்பவரிடம் காட்டுங்கள். பட்டி வைத்து மறைத்த விரிசல் நெடுஞ்சாலை வேகத்தில்தான் வாய் திறக்கும்.

எங்கே, எப்போது அடிப்பது?

இந்த ஊருக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் காலையில் பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஸ்ப்ரே துகள் காற்றில் பல அடி தூரம் போகும். பாதி காய்ந்த நிலையில் பட்டிழையில் ஒட்டினால் எடுக்க வழியில்லை. தின்னர் தொட்டால் சாயமும் கெடலாம். ஒரு பாவுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு இருக்கிறது. ஆகவே நெசவுத் தெருவில் குடியிருந்தால் வாசலில் அடிக்காதீர்கள். தறி ஓடும் வீட்டுக்குள்ளும் வேண்டாம். ஊருக்கு வெளியே தோட்டமோ ஷெட்டோ வைத்திருக்கும் நண்பரைக் கேளுங்கள். அங்கேயும் மூன்று பக்கம் பழைய படுதா கட்டி, ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்து விடுங்கள்.

மாசியும் பங்குனியும் இதற்கு ஏற்ற மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் கிளியர் கோட் பால் படிந்தாற்போல வெளுத்துவிடும். கத்திரி வெயிலில் பெயின்ட் ரிம்மைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரப்பாக உட்காரும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவசரமாக அடிக்கிறவர்கள் நிறையப் பேர். பூஜைக்குத்தான் வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்னதாக, மழை மேகம் இல்லாத காலைப்பொழுதில் முடியுங்கள். புதுப் பூச்சில் ஈரச் சந்தனமும் குங்குமமும் கறை விடக்கூடும். அந்த ஒரு வருடம் பொட்டை டயரில் வையுங்கள்.

வாங்க வேண்டியவை

15, 16 அங்குலச் சக்கரம் நான்குக்கு 400 மில்லி கேன்களில் எட்ச் பிரைமர் 2, நிறம் 4, கிளியர் கோட் 3 என்பது ஏறத்தாழச் சரியாக வரும். வாட்டர் பேப்பர் 220, 400, 600 எண்களில். மாஸ்கிங் டேப், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, கையுறை. முகக்கவசத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். துணிக் கவசமும் என்95-உம் பெயின்ட் ஆவியைத் தடுக்காது. கார்பன் கேட்ரிட்ஜ் பொருத்தியதுதான் வேண்டும்.

கழற்றுவதும் கழுவுவதும்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் போதும். அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டிவிட்டால் வண்டி ஜாக்கியை நம்பி நிற்க வேண்டியதில்லை.

பாத்ரூம் ஆசிட்டால் ரிம்மைத் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த அமிலம் அலுமினியத்தைத் தின்று குழி போட்டுவிடும். பாத்திரம் கழுவும் திரவமும் பிரஷும் போதும். தார் இருந்தால் மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு மறுபடி சோப்பு போடுங்கள். டயர் பாலிஷில் உள்ள சிலிகான் துளி பட்டாலும் பெயின்ட் அந்த இடத்தில் வட்டமாக விலகி, மீன் கண் போலப் பள்ளம் விழும். எனவே டயரையும் சேர்த்தே கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் நல்லது.

தேய்ப்பு

இதில்தான் பொறுமை வேண்டும். உரிந்த இடங்களில் 220-ஆல் தொடங்கி, பூச்சும் உலோகமும் சேரும் எல்லையைக் கைவிரல் உணராத அளவுக்குச் சரிவாக்குங்கள். அரிப்பு ஓடிய இடத்தில் வெள்ளைத் தடம் முழுதும் போகும்வரை தேய்க்க வேண்டும். கொஞ்சம் விட்டாலும் அங்கிருந்தே மறுபடி கிளம்பும். பிறகு ரிம் முழுவதும் 400. நல்ல பூச்சை உரிக்க வேண்டியதில்லை, பளபளப்பு செத்து மங்கலானால் போதும். பிரேக் தூசி காற்றில் பறக்காமலிருக்க எல்லாவற்றையும் தண்ணீர் தொட்டே தேய்க்கவும். காய்ந்ததும் ஆல்கஹாலால் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள்.

மறைப்பு

டயருக்கும் ரிம்முக்கும் நடுவே பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சுற்றிலும் செருகினால் டேப்பைவிடச் சுத்தமாக மறைக்கும். வால்வை டேப்பால் சுற்றுங்கள். நட்டு உட்காரும் குழிகளிலும், ரிம்மின் பின்புறம் ஹப்போடு ஒட்டும் முகத்திலும் ஒரு துளி பெயின்ட்கூட விழக்கூடாது. அழுத்தத்தில் அந்தப் பூச்சு நசுங்கி மெலிந்தால் நட்டின் பிடி தளரும்.

பிரைமர், நிறம், கிளியர்

வெறும் அலுமினியத்தின்மேல் காற்று பட்ட உடனே கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் உருவாகிறது. சாதாரணப் பிரைமர் அதில் சரியாகப் பிடிக்காது. எட்ச் பிரைமரில் இருக்கும் அமிலம் அதைச் சற்று அரித்துப் பற்றிக்கொள்ளும். மெல்லிய இரண்டு பூச்சு போதும். காய்ந்ததும் 600-ஆல் லேசாகத் தடவித் துடைக்கவும்.

சக்கரத்தைக் கவிழ்த்த பக்கெட்டின்மேல் படுக்க வையுங்கள், வழியாது. கேனுக்குள் குண்டு ஓசை கேட்கத் தொடங்கிய பின்னும் இரண்டு நிமிடம் குலுக்கவும். 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி, ரிம்முக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போய் விடுங்கள். கம்பிகளின் பக்கவாட்டை முதலில், முகத்தைக் கடைசியில். முதல் பூச்சில் அடியில் உள்ளது தெரியத்தான் வேண்டும். அதற்குப் பயந்து கனமாக அடிப்பதே வழிசலுக்குக் காரணம். பத்து நிமிட இடைவெளியில் மூன்று, நான்கு பூச்சு. நிறம் உங்கள் இஷ்டம். நம் செம்மண் தூசிக்குக் கறுப்பைவிடச் சாம்பல் நிறம் பொருந்தும் என்பேன்.

கிளியர் கோட்டும் அதே முறைதான். ஹார்டனர் கலந்த 2கே கேன் பெட்ரோலையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கொடியது. முதல்முறை அடிப்பவர் சாதாரணக் கிளியரோடு நிற்பதே நல்லது.

மாட்டும்போது

ஓர் இரவு முழுக்கக் காயட்டும். ஒரு வாரம் வாட்டர் சர்வீஸ் வேண்டாம். நட்டுகளை எதிரெதிராக, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். சென்னைக்கு ஒருமுறை போனதும் திரும்பக் கிளம்பும் முன் மறுபடி சரிபாருங்கள்.

காலியான கேன்களைப் போகித் தீயில் போடாதீர்கள், வெடிக்கும். குப்பை வாங்க வருகிறவர்களிடம் தனியாக, சொல்லிக் கொடுங்கள்.