கரண்ட் கூடினால் குணம் கூடுமா?

பிசியோதெரபி என்றாலே ‘கரண்ட் வைப்பது’ என்று நம் ஊரில் ஆகிவிட்டது. அதோடு ஒரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: சுருக்கென்று ஏறினால்தான் சிகிச்சை வேலை செய்கிறது, ஒன்றும் தெரியாவிட்டால் இன்னும் கூட்டி வைக்கச் சொல்ல வேண்டும். இதில் இரண்டாவது பாதி மிகவும் ஆபத்தானது. கரண்ட் ஏறுவதே தெரியவில்லை என்றால், கூட்டக் கூடாது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

வலிக்காக வைக்கும் டென்ஸ் கருவியை முதலில் பார்ப்போம். தொடு உணர்வைக் கடத்தும் நரம்புகள் சுறுசுறுப்பானால், தண்டுவடத்தின் வாசலிலேயே வலிச் செய்தி மட்டுப்படும் என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்த நரம்புகளை எழுப்ப, நன்றாகத் தெரிகிற, ஆனால் வலிக்காத குறுகுறுப்பே போதும். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தொடைத் தசைக்கு மட்டும் தாங்கும் எல்லை வரை கூட்டுகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தசை எவ்வளவு இறுக்கமாகச் சுருங்குகிறதோ அவ்வளவு வலு சேரும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே எல்லையைச் சொல்வது நோயாளியின் வாய். ‘போதும்’ என்று அவரால் சொல்ல முடிகிறது. தானாக அசைப்பதைவிடக் கரண்டில் தசை சீக்கிரம் களைத்துவிடும் என்பதால், பத்து விநாடி சுருக்கத்துக்குப் பிறகு அதைப்போல் பல மடங்கு நேரம் ஓய்வும் தருகிறார்கள்.

சர்க்கரை நோயில் மரத்த பாதத்திலோ பக்கவாதத்தில் உணர்ச்சி போன கையிலோ இந்த எல்லை இல்லை. பேடில் தடவிய ஜெல் காய்ந்து, ஒரு மூலை தோலைவிட்டு எழும்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பரப்பிலும் பரவ வேண்டிய மின்னோட்டம் ஒட்டியிருக்கும் சிறிய இடத்தில் குவிகிறது. உணர்ச்சி உள்ளவர் ‘எரியுது’ என்பார். மரத்த கால் ஒன்றும் சொல்லாது, தோல் வெந்துவிடும். ஒரே திசையில் பாயும் கால்வனிக் மின்னோட்டத்தில் ஆபத்து இன்னும் அதிகம்; எதிர்மின் பேடின் அடியில் காரம் உண்டாகி, சூடே இல்லாமல் தோலைப் புண்ணாக்கும். பேட் ஒட்டும் முன் கூர்மையும் மழுக்கமும், சூடும் குளிர்ச்சியும் தெரிகிறதா என்று சோதிப்பது இதற்காகத்தான். அந்தச் சோதனை செய்யாமல் பேடை எடுத்தால், நோயாளியின் வீட்டார் தயங்காமல் கேட்க வேண்டும்.

பக்கவாதம் வந்தவர் படுத்திருந்தால் போதும், கரண்டே கையைத் தூக்கிவிடும் என்ற எண்ணமும் இதே வேரில் முளைத்ததுதான். நடக்கும்போது குதிகால் தரையைவிட்டு எழும் நொடியில் நரம்பைத் தூண்டி, தொங்கும் பாதத்தை நிமிர்த்தும் கருவியை 1961-லேயே லிபர்சன் என்ற மருத்துவர் செய்து காட்டினார். அங்கே கரண்ட் நடைக்குத் துணை நின்றது. கை விஷயத்திலும் நோயாளி தானே அசைக்க முயலும்போது தூண்டல் கூடச் சேர்வதுதான் பயிற்சி. முகவாதம் வேறு கதை. பெரும்பாலோருக்கு அது தானாகவே சரியாகிவிடும், பெயர் மட்டும் கரண்டுக்குப் போய்விடும். அதில் மீட்சியைக் கூட்டுவதாக உறுதியான சான்றுள்ளது முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்குத்தான். கரண்ட் வைக்க அலைந்து அந்த மூன்று நாளை இழப்பது பெரிய நஷ்டம்.

பேட்டரியில் ஓடும் சின்னக் கருவிதானே, என்ன செய்துவிடும் என்பார்கள். ஷாக் அடித்துக் கொல்லாது என்பது சரி. ஆனால் பேஸ்மேக்கர் பொருத்தியவருக்கு இந்தக் கருவியின் துடிப்பு பேஸ்மேக்கரில் இதயத் துடிப்பாகத் தவறாகப் பதிவாகலாம். கழுத்தின் முன்பக்கம் வைத்தால் ரத்த அழுத்தம் திடீரென இறங்கலாம். ரத்தம் உறைந்து வீங்கிய கெண்டைக்காலில் தசையைச் சுருங்கவைத்தால் ரத்தக் கட்டி நகர வாய்ப்புண்டு. கர்ப்பிணியின் வயிறு, புற்றுநோய்க் கட்டி உள்ள இடம், புண்ணான தோல் இவற்றிலும் வைக்கக் கூடாது. வீட்டில் வைத்துக்கொள்பவர்கள் பேடைப் பிரித்ததும் தோலைப் பார்க்க வேண்டும். லேசான சிவப்பு சிறிது நேரத்தில் மறைந்துவிடும். மறையாவிட்டாலோ கொப்புளம் கண்டாலோ, கருவியை நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரிடம் காட்டிய பிறகே அடுத்த முறை.