குரங்குக்குக் காய்ச்சல் வந்தது

கொசு கடித்தால் காய்ச்சல் வரும். இது இன்று எல்லோருக்கும் தெரியும். டெங்கு வருகிறது. சிக்குன்குனியா வருகிறது. மூளைக் காய்ச்சல் வருகிறது.

ஆனால் இதை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தடுப்பூசியை எப்படிச் செய்தார்கள்? செய்த ஊசியை முதலில் யாருக்குப் போட்டுப் பார்த்தார்கள்?

மஞ்சள் காய்ச்சலின் கதையைப் படித்தால் இது புரியும்.

மஞ்சள் காய்ச்சல் வேறு. நம் ஊரில் சொல்லும் மஞ்சள் காமாலை வேறு. இரண்டிலும் கண் மஞ்சளாகும். ஆனால் மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது. அதன் கிருமி ஒரு வைரஸ். அது ஈரலைத் தாக்கும். நோய் முற்றினால் வாந்தியில் இரத்தம் கறுப்பாக வரும். அப்படி முற்றியவர்களில் பாதிப் பேர் வரை இறந்துபோவார்கள். இந்த நோய் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இருக்கிறது. இந்தியாவில் இல்லை.

கையை நீட்டிய டாக்டர்கள்

கியூபா ஒரு தீவு நாடு. அங்கே கார்லோஸ் ஃபின்லே என்ற டாக்டர் இருந்தார். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசுதான் என்று அவர் 1881-லேயே சொன்னார். யாரும் நம்பவில்லை. நோயாளியின் துணியிலும் படுக்கையிலும் நோய் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றே பலரும் நினைத்தார்கள்.

1900-ல் அமெரிக்க ராணுவ டாக்டர்கள் கியூபாவுக்கு வந்தார்கள். அவர்களின் தலைவர் வால்டர் ரீட். ஃபின்லே சொன்னது சரியா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். எதை வைத்துச் சோதிப்பது? வெறிநாய்க்கடி நோயை ஆராய முயல் உதவியது. அடைப்பான் நோயை ஆராய ஆடு மாடுகள் உதவின. ஆனால் மஞ்சள் காய்ச்சல் வரும் விலங்கு எது என்று அன்று யாருக்கும் தெரியாது.

அதனால் அந்த டாக்டர்கள் தங்கள் கைகளையே நீட்டினார்கள். நோயாளியைக் கடித்த கொசுவைத் தங்கள் மேல் கடிக்க விட்டார்கள். ஜேம்ஸ் கரோல் என்ற டாக்டர் சாவின் விளிம்புக்குப் போய்ப் பிழைத்தார். ஜெஸ்ஸி லசியர் என்ற டாக்டர் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 34. ஊரில் அவருக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. அந்தக் குழந்தையின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

பிறகு சிப்பாய்கள் சிலர் முன்வந்தார்கள். ஸ்பெயின் நாட்டிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்களும் வந்தார்கள். அவர்களுக்கு 100 டாலர் கொடுத்தார்கள். நோய் வந்தால் இன்னும் 100 டாலர். அவர்களுடைய மொழியிலேயே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். பிழைக்க வந்தவனுக்கு அது பெரிய பணம். மனம் ஒப்பிக் கையெழுத்துப் போட்டார்களா, வயிற்றுக்காகப் போட்டார்களா, யார் கண்டது?

ஒரு குடிசையில் மூன்று பேர் 20 இரவுகள் படுத்தார்கள். நோயாளிகளின் வாந்தியும் மலமும் பட்ட துணிகள்தான் அவர்களுக்குப் படுக்கை. ஒருவருக்கும் நோய் வரவில்லை. கொசு கடித்தவர்களுக்கு வந்தது. ஃபின்லே சொன்னது சரி என்று ஆயிற்று.

ரீட் குழுவின் இந்தச் சோதனைக்கு முன்வந்தவர்களில் யாரும் சாகவில்லை. ஆனால் 1901-ல் அங்கே வேறு டாக்டர்கள் நடத்திய சோதனையில் மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிளாரா மாஸ் என்ற நர்ஸ். வயது 25. அதோடு அந்த மாதிரிச் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

இந்தியக் குரங்கு

கொசுதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் தடுப்பூசி செய்ய முடியவில்லை. விலங்கு கிடைக்காமல் மனிதனை வைத்துத் தடுப்பூசியைச் சோதிப்பது எப்படி? கினிப் பன்றிக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் போட்டுப் பார்த்தார்கள். எதற்கும் அந்த நோய் சரியாக வரவில்லை. ஆண்டுகள் ஓடின.

1927-ல் ஆப்பிரிக்காவில், இன்று கானா என்று சொல்லும் நாட்டில், அசிபி என்ற இளைஞருக்கு மஞ்சள் காய்ச்சல் வந்தது. அவருக்கு வயது 28. டாக்டர்கள் அவருடைய இரத்தத்தில் கொஞ்சம் எடுத்தார்கள். அதை ஒரு குரங்குக்கு ஊசியாகப் போட்டார்கள். அது ரீசஸ் குரங்கு. இந்தியாவின் குரங்கு.

வட இந்தியாவில் கோயில் வாசலிலும் ரயில் நிலையத்திலும் கூட்டமாகத் திரியுமே, அந்தக் குரங்குதான். முகம் சிவந்திருக்கும். வால் குட்டை. தமிழ்நாட்டில் நாம் பார்க்கும் குரங்கு வேறு. அதற்கு வால் நீளம். தலை முடி தொப்பி வைத்தது போல் இருக்கும்.

சில நாளில் அந்தக் குரங்குக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு அது செத்தது. அசிபி பிழைத்துக்கொண்டார்.

ஆப்பிரிக்கக் குரங்குக்கு வராத நோய் இந்தியக் குரங்குக்கு ஏன் வந்தது? ஊருக்குப் புதிதாக வருபவருக்கு ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அது போலத்தான். ஆப்பிரிக்கக் குரங்குகள் தலைமுறை தலைமுறையாக அந்த வைரஸோடு வாழ்ந்து பழகியவை. இந்தியக் குரங்கு அந்த வைரஸைக் கண்டதே இல்லை.

இந்த ஆராய்ச்சியை நடத்தியவர்களில் முக்கியமானவர் ஏட்ரியன் ஸ்டோக்ஸ் என்ற டாக்டர். வேலையின்போதே அவருக்கும் நோய் தொற்றியது. அதே 1927-ல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு நொகுச்சி என்ற ஜப்பானிய விஞ்ஞானியும், யங் என்ற டாக்டரும் இதே நோயில் இறந்தார்கள். விலங்கு கிடைத்த பிறகும் மனிதர்கள் சாவது உடனே நிற்கவில்லை.

குரங்கு வாங்கப் பணம் நிறைய வேண்டும். வளர்ப்பதும் கஷ்டம். 1930-ல் மாக்ஸ் தைலர் என்ற விஞ்ஞானி வெள்ளை எலிக்கு மாறினார். எலியின் மூளையில் வைரஸைச் செலுத்தினால் எலி நோயுற்றுச் சாகிறது என்று கண்டார். எலிக்கு ஈரல் கெடவில்லை, மூளைதான் வீங்கியது. மனிதனுக்கு வரும் அதே நோய் இல்லைதான். ஆனாலும் எலி மலிவு. நூற்றுக்கணக்கில் வைத்துச் சோதிக்கலாம்.

அசிபியின் உடலிலிருந்து வந்த அதே வைரஸைக் கோழிக் கருவின் திசுவில் வளர்த்தார்கள். வளர்த்ததை எடுத்து மறுபடி வளர்த்தார்கள். இப்படி நூறு தடவைக்கு மேல். வைரஸ் வலுவிழந்தது. அதைக் குரங்குக்குப் போட்டார்கள். குரங்கு சாகவில்லை. பிறகு வலுவுள்ள வைரஸை அதே குரங்குக்குப் போட்டார்கள். அப்போதும் சாகவில்லை!

அதன் பிறகுதான் மனிதருக்குப் போட்டார்கள். 1937-ல் பிரேசில் நாட்டில் மக்களுக்குப் போடத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் பத்து லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். தைலருக்கு 1951-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் நாட்டிலிருந்து அந்த நோய் உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்வதும் இந்த ஊசிதான். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். போட்டதற்கு மஞ்சள் அட்டை தருவார்கள்.

குரங்குகளின் கணக்கையும் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கில் குரங்குகளைப் பிடித்து வெளிநாட்டு ஆராய்ச்சிக் கூடங்களுக்கு அனுப்பினார்கள். போலியோ தடுப்பூசிக்குப் போனவைதான் அதிகம். காட்டிலும் ஊரிலும் குரங்கு குறைந்துபோயிற்று. 1978-ல் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. விலங்குகளை வைத்துச் சோதனை செய்ய இன்று சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும்.

டெங்கு ஏன் பிடிபடவில்லை?

டெங்குவைப் பரப்புவதும் அதே கொசுதான். ஏடிஸ் கொசு. பகலில் கடிக்கும். குடம், டயர், கொட்டாங்குச்சி, எதில் தண்ணீர் நின்றாலும் முட்டையிடும்.

ஆனால் டெங்குவுக்குச் சரியான சோதனை விலங்கு இன்னும் கிடைக்கவில்லை. குரங்குக்கு டெங்கு வைரஸைப் போட்டால் இரத்தத்தில் வைரஸ் வளர்கிறது. குரங்கோ வாழைப்பழம் தின்றுகொண்டு சும்மா இருக்கிறது. சாதாரண எலிக்கும் ஒன்றும் ஆவதில்லை. அதனால் உடலின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதி இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். காவல் நாய் இல்லாத வீட்டில் திருடன் புகுவது போல, அந்த எலிக்குள் வைரஸ் புகுகிறது. இரத்தக் குழாய் கசிகிறது. மனிதனுக்கு வரும் கடுமையான டெங்கு போலவே எலி சாகிறது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தடுப்பூசியின் வேலையே எதிர்ப்புச் சக்தியை எழுப்புவது. காவல் நாயே இல்லாத வீட்டில் எதை எழுப்பிப் பார்ப்பது?

இன்னொரு சிக்கலும் உண்டு. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை வந்தால் நோய் கடுமையாகலாம். 2016-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு டெங்கு தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். எட்டு லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு அந்த ஊசி போட்டால், பிறகு வரும் டெங்கு கடுமையாகலாம் என்று 2017-ல் தெரியவந்தது. ஊசியை நிறுத்தினார்கள். பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். இந்த ஆபத்தை விலங்குச் சோதனை முன்கூட்டிக் காட்டவில்லை.

2024 ஆகஸ்டில் இந்தியாவிலேயே தயாரான ஒரு டெங்கு தடுப்பூசியின் பெரிய சோதனை தொடங்கியது. முதல் ஊசி ஹரியானா மாநிலம் ரோத்தக்கில் போடப்பட்டது. பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ப்பது என்று திட்டம். எல்லோரும் பெரியவர்கள். பிள்ளைகள் இல்லை. ஊசி போட்டதோடு விடாமல் அவர்களை இரண்டு ஆண்டுகள் கவனிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட சோதனையில் சேருகிறவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஊசியில் என்ன இருக்கிறது, என்ன தீங்கு வரலாம் என்று அதில் எழுதியிருக்கும். அது அவருடைய மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், சோதனையில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக உடனிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் நடுவில் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. சோதனையால் உடம்புக்குத் தீங்கு வந்தால் மருத்துவச் செலவை நடத்துகிறவர்களே ஏற்க வேண்டும்.