பண்டிகைக்கு ஊழியருக்கு எதைக் கொடுப்பது? தெல்லிப்பழை முதலாளிமாருக்கு ஒரு வழிகாட்டி

தெல்லிப்பழைச் சந்தியைச் சுற்றிப் பாமசி, ஹாட்வெயார், புடைவைக்கடை, ரியூசன் நிலையம் என்று எதை நடத்தினாலும், தீபாவளியோ தைப்பொங்கலோ கிட்ட வரும்போது அதே யோசனைதான்: வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இந்த முறை என்ன கொடுப்பது? காசா, உடுப்பா, சாமானா, சம்பள உயர்வா?

நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான். வேலையை விட்டுப் போகிற நாளிலும் அவரோடு கூடப் போவது எதுவோ, அதற்கே முதலிடம். இந்த ஊரில் அதற்குக் காரணம் உண்டு. 1990இல் போரால், தெல்லிப்பழை உட்பட வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அந்த வருடத்தோடு நின்றுபோனது. சுவர் மணிக்கூடும் கேடயமும் வீட்டோடு போயின. மத்திய வங்கியில் ஒருவருடைய பெயரில் இருந்த சேமலாப நிதிக் கணக்கு போகவில்லை.

அதனால் பரிசைப் பற்றி யோசிக்க முன்னர் ஊழியர் சேமலாப நிதிப் (ஈ.பி.எப்.) பதிவைப் பாருங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் பங்கு சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியான ஈ.ரி.எப்.புக்கு 3 வீதம். அது முழுக்க முதலாளியின் பொறுப்பு, சம்பளத்தில் கழிக்கக்கூடாது. ஒரே ஒருவர் வேலை செய்தாலும் கட்டத்தான் வேண்டும். இதைக் கட்டாமல் தீபாவளிக்குச் சேலை கொடுப்பவர், அந்தப் பிள்ளையின் காசிலேயே அவளுக்குச் சேலை வாங்கிக் கொடுக்கிறார். ஆகக்குறைந்த சம்பளத்தை எட்டவைத்துவிட்டு அதைப் பரிசு என்று சொல்வதும் அதே கணக்குத்தான்.

இது ஒழுங்காக இருந்தால், அடுத்தது போனஸா சம்பள உயர்வா என்பது. ஒருவருக்கு வருடத்துக்கு 20,000 ரூபா அளவில் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். போனஸாகக் கொடுத்தால் அது அன்றைக்கே கையில் சேரும். பள்ளிக்கூடச் செலவு, கடன், நகை மீட்பு என்று உடனே உதவும். அதையே மாதம் 1,500 ரூபா உயர்வாகக் கொடுத்தால் வருடத்துக்கு 18,000. உங்கள் பங்காக ஈ.பி.எப்.புக்கு மாதம் 180, ஈ.ரி.எப்.புக்கு 45 சேரும். மொத்தம் 20,700. வித்தியாசம் 700 ரூபாதான். ஆனால் ஊழியரின் 120 ரூபாவும் சேர்ந்து மாதம் 300 ரூபா அவருடைய சேமலாபக் கணக்குக்குப் போகிறது. அந்த நிலுவையைக் காட்டி வீட்டுக் கடன் எடுக்கவும் வழி இருக்கிறது.

15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் இன்னொன்றும் உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தியாக்கியவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். கணக்குப் பார்ப்பது கடைசிச் சம்பளத்தில். பத்து வருடம் நின்றவருக்கு இன்று 1,500 கூட்டினால், பழைய பத்து வருடத்துக்கும் சேர்த்துப் பணிக்கொடை 7,500 ரூபா கூடும். இதைத் தெரிந்துகொண்டே உயர்த்துங்கள்.

வியாபாரம் ஏறி இறங்குகிற கடைக்குப் போனஸ் பாதுகாப்பு. நாலு வருடமாக ஒரே அளவில் நடக்கிற கடைக்கு உயர்வுதான் நியாயம்.

சாமானாகக் கொடுக்கத்தான் விருப்பம் என்றால், நிறுவனப் பெயர் அச்சடித்த குவளையையும் மணிக்கூட்டையும் விட்டுவிடுங்கள். அது ஊழியருக்குக் கொடுக்கும் பரிசல்ல, உங்கள் கடைக்கு விளம்பரம். நான் தெரிவு செய்வது பனைப் பொருட்கள் வைத்த கடகம். ஆனால் பருவம் பார்த்து வாங்க வேண்டும். தீபாவளி மாரி தொடங்கும் நேரம். குட்டானில் வரும் பனங்கட்டி ஈரம் இழுத்துக் கசியும், அதுவும் முந்திய பருவத்துச் சரக்காகத்தான் இருக்கும். வாங்கினால் அடியைத் தொட்டுப் பாருங்கள்; பிசுபிசுத்தால் வேண்டாம். ஆவணியில் பழம் விழுந்து காய்ந்த பனாட்டு தீபாவளிக்குப் பொருந்தும். பொங்கலுக்குப் பனங்கிழங்கு புதிதாகக் கிடைக்கும். புது ஒடியலும் புழுக்கொடியலும் வேண்டுமென்றால் மாசி, பங்குனிவரை பொறுக்க வேண்டும். கடகத்தில் வாய் விளிம்பின் நார்க்கட்டைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் பாரம் வைத்துத் தூக்க இரண்டு மாதம் தாங்காது. இழைக்கிறவரிடம் நேரே, ஒரு மாதம் முன்னர் சொல்லிவைத்தால் நல்ல வேலை கிடைக்கும். அந்தக் காசும் ஊருக்குள்ளேயே நிற்கும்.

கோவிலுக்கு ஊழியர் பெயரில் அன்னதானம் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் அது உங்கள் நேர்த்தியாக இருக்கட்டும். அவருடைய பங்கிலிருந்து எடுக்காதீர்கள். அதைவிடத் துர்க்கை அம்மன் தேரன்று சம்பளத்தோடு லீவு கொடுத்தால் பெரிய விஷயம். விடியப்புறம் கடை திறக்க வரும் பெண்பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

‘மாதத்தின் சிறந்த ஊழியர்’ படம் மாட்டுவது ஆறு பேர் நிற்கும் கடைக்குச் சரிவராது. ஒருவரைத் தூக்கினால் ஐந்து பேர் முகம் சுருங்கும். அடுத்த மாதம் முறை வைத்துக் கொடுக்கத் தொடங்குவீர்கள். செய்த வேலையை அன்றைக்கே, மற்றவர்களுக்கு முன்னால், இன்ன வேலை என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

நான் ஆக அழுத்திச் சொல்ல விரும்புவது கடதாசியைப் பற்றி. பத்து வருடம் வயரிங் செய்பவர், வெல்டிங் பிடிப்பவர், தையல்காரி, சமையல்காரர் என்று எத்தனையோ பேரிடம் கைவேலை இருக்கிறது, சான்றிதழ் இல்லை. என்.வி.கியூ. எனப்படும் தேசியத் தொழில் தகைமை ஏழு மட்டம் கொண்டது. அதில் மூன்றாம், நான்காம் மட்டங்களை வகுப்புக்குப் போகாமலே, ஏற்கெனவே உள்ள அனுபவத்தைக் காட்டியும் எடுக்கலாம். செய்த வேலைகளின் படங்கள், கடிதங்கள் எல்லாம் கோவையாகச் சேர்க்க வேண்டும். மதிப்பிடுபவர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். இதற்கான கட்டணத்தையும் இரண்டு நாள் லீவையும் நீங்கள் கொடுத்தால், அது எந்தக் கடகத்தையும் விடப் பெரிது. “சான்றிதழ் கிடைச்சால் வெளிநாடு போயிடுவாங்கள்” என்று முதலாளிமார் பயப்படுவது தெரியும். போக நினைப்பவர் அது இல்லாமலும் போவார், குறைந்த சம்பளத்துக்கு.

அதுவும் இயலாவிட்டால் சேவைக் கடிதம். ஒரு தாள்தான் செலவு. வேலைக்கு வந்த திகதி, பதவி, பொறுப்பில் பார்த்த வேலைகள், தற்போதைய சம்பளம், ஈ.பி.எப். இலக்கம் எல்லாம் எழுதி, கையொப்பமும் முத்திரையும் வைத்துக் கொடுங்கள். விலகும்போது கேட்டு அலைய விடாமல், வருடத்துக்கு ஒரு தடவை பொங்கல் காசோடு சேர்த்துப் புதுப்பித்துக் கொடுத்தால் போதும்.